தலைமேல் வைத்துக்கொண்டார்கள், நிறைவேற்றவில்லை

1521 டிசம்பர். மெக்ஸிகோ வளைகுடாக் கரைக்குப் பக்கத்தில் செம்போவாலா என்ற ஊர். கிறிஸ்டோபல் டி டாப்பியா என்ற ஸ்பானிய அதிகாரி சான்டோ டொமிங்கோவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியிருக்கிறார். ஆஸ்டெக்குகளின் தலைநகரம் விழுந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதைப் பிடித்த ஹெர்னான் கோர்ட்டெஸ் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், இனிமேல் டாப்பியாதான் ஆளுநர் என்று ராஜா பெயரில் எழுதிய ஆணை அவர் கையில் இருக்கிறது. கோர்ட்டெஸ் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவருக்குப் பதிலாக, புதிதாக உண்டாக்கிய ஊர்களின் பிரதிநிதிகள் என்று சிலர் வந்தார்கள், எல்லோரும் அவருடைய ஆட்கள்தான். ஆணையைப் பணிவாக வாங்கினார்கள், முத்தமிட்டார்கள், தலைமேல் வைத்துக்கொண்டார்கள். எங்கள் அரசரின் கடிதம் இது, இதற்குக் கீழ்ப்படிகிறோம் என்றார்கள். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்கள்: இதை இப்போது நிறைவேற்றினால் நாடு கலவரமாகிவிடும், அரசருக்கு இங்குள்ள நிலவரம் சரியாகத் தெரியவில்லை, ஆகவே அவரிடமே முறையிடப் போகிறோம், அதுவரை ஆணை நிற்கட்டும்.

டாப்பியா வந்த வழியே கப்பலேறிப் போனார். மறு ஆண்டு அக்டோபரில் ராஜா கோர்ட்டெஸையே ஆளுநராக நியமித்துவிட்டார்.

தமிழில் 'சிரமேற்கொண்டு செய்கிறேன்' என்று ஒரு வழக்கு இருக்கிறது இல்லையா, ஸ்பானியர்கள் அதை நிஜமாகவே செய்தார்கள், ஆனால் பாதி மட்டும். சிரமேற்கொள்வது ஒன்று, செய்வது வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள். 'ஒபெதெஸ்கோ பெரோ நோ கும்ப்லோ', அதாவது கீழ்ப்படிகிறேன், ஆனால் நிறைவேற்றவில்லை. இதைக் கேட்டால் ஏதோ கிண்டல் போலத் தோன்றும், ஆனால் இது ஸ்பெயினின் மைய ராஜ்யமான கஸ்டீல் நாட்டின் பழைய சட்டத்திலிருந்தே வந்த முறையான வாசகம். அதற்குப் பின்னால் இருக்கும் வாதம் இதுதான்: ராஜா அநியாயத்தை விரும்பவே மாட்டார், எனவே அவர் பெயரில் அநியாயமான ஆணை வந்தால் யாரோ அவருக்குத் தப்பான தகவல் கொடுத்திருக்கிறார்கள், அந்த ஆணையை நிறுத்தி வைத்து அவருக்கு உண்மையைத் தெரிவிப்பதே விசுவாசம்.

கடலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு ஒரு ராஜா 300 ஆண்டு எப்படி ஆண்டார் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இந்த வாசகத்தில்தான் இருக்கிறது. கப்பல், பீரங்கி, பாதிரியார் எல்லாம் நாட்டைப் பிடிக்க உதவியிருக்கலாம். பிடித்ததை வைத்துக்கொள்ள உதவியது இந்த நெகிழ்வு. கயிறு எவ்வளவு தளர்வாக இருந்ததோ அவ்வளவு நாள் அறுந்து போகாமல் இருந்தது, இழுத்துக் கட்டப் போனபோதுதான் வம்பு வந்தது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது. செவில் நகரத்திலிருந்து வெராக்ரூஸ் துறைமுகத்துக்குக் கப்பல் வர ஏறக்குறைய இரண்டரை மாதம். திரும்பிப் போக நாலு மாதத்துக்கு மேல். பெரு நாட்டுக்கு என்றால் பனாமாவில் இறங்கி, கோவேறு கழுதைகளில் சாமானை ஏற்றி நிலத்தைக் கடந்து, அந்தப் பக்கம் பசிபிக் கரையில் இன்னொரு கப்பல் பிடிக்க வேண்டும். கொள்ளையர்களுக்குப் பயந்து 1560களிலிருந்து கப்பல்கள் கூட்டமாகத்தான் கிளம்பின, ஆண்டுக்கு இரண்டு கூட்டம். ஒன்றைத் தவறவிட்டால் கடிதம் துறைமுகத்திலேயே கிடக்கும். பிலிப்பைன்ஸ் நிலைமை இன்னும் மோசம். அது மெக்ஸிகோ வைஸ்ராயின் கீழ் இருந்தது, மெக்ஸிகோவின் மேற்குக் கரையில் இருந்த அக்கபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் நடுவே ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ கப்பல் போய் வரும். மணிலாவிலிருந்து ஒருவர் மாட்ரிட்டுக்குக் கேள்வி எழுதிப் பதில் வாங்க இரண்டு ஆண்டு ஆகலாம், அதற்குள் கேட்டவரே செத்துப்போயிருக்கலாம்.

இதற்கு ஒரு உதாரணம் போதும். 1762 செப்டம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்டுப் போன பிரிட்டிஷ் படை மணிலா விரிகுடாவில் நுழைந்தபோது, அங்கே ஆளுநர் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த பேராயர் மனுவேல் ரோஹோவுக்குத் தன் நாட்டுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டிருப்பதே முறைப்படி தெரியாது. யாரோ வழி தவறி வந்துவிட்டார்களோ என்ற நிலை. அக்டோபரில் மணிலா விழுந்தது. 1763 பிப்ரவரியில் பாரிஸில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானபோது, மணிலா விழுந்த சேதி ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட தூரத்தில் ராஜாவிடம் இருந்த ஒரே கருவி காகிதம். 1503ல் செவிலில் வணிகத்தையும் கப்பல்களையும் கவனிக்க ஒரு அலுவலகம் திறந்தார்கள், 1524ல் அமெரிக்க விவகாரங்களுக்கென்றே 'இண்டீஸ் கவுன்சில்' உருவானது. சட்டம் எழுதுவது, நியமனத்துக்கு ஆள் சொல்வது, கடைசி மேல்முறையீட்டைக் கேட்பது எல்லாம் அங்கேதான், அதில் உட்கார்ந்த பலர் அமெரிக்காவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இரண்டாம் ஃபிலிப் காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. மனிதர் மேசையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார், வந்த கடிதத்தின் ஓரத்தில் தன் கையால் குறிப்பு எழுதுவார், எழுத்துப் பிழையைக்கூடத் திருத்துவார். 1577ல் அமெரிக்க ஊர்களுக்கெல்லாம் 50 கேள்விகள் அடங்கிய அச்சடித்த தாள் ஒன்றை அனுப்பினார்கள்: உங்கள் ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம், மலை எந்தப் பக்கம், என்ன மூலிகை கிடைக்கும், முன்பு யாருக்குக் கப்பம் கட்டினீர்கள், மக்கள்தொகை கூடியதா குறைந்ததா, ஏன். பதில்கள் வருடக்கணக்காக வந்துகொண்டிருந்தன, சில ஊர்களில் பூர்வகுடி ஓவியர்கள் வரைபடமே போட்டு அனுப்பினார்கள். மரணம் ஸ்பெயினிலிருந்து வருவதாக இருந்தால் நான் நெடுநாள் வாழ்வேன் என்று அந்தக் காலத்து அதிகாரி ஒருவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. இந்தக் காகிதமெல்லாம் இன்றைக்குச் செவிலில் ஆவணக் காப்பகமாக இருக்கிறது, ஏறக்குறைய 43,000 கட்டுகள், சுமார் 8 கோடிப் பக்கம்.

காகிதம் அனுப்பினால் போதுமா, அங்கே அதை வாங்குகிறவனை எப்படி நம்புவது? நம்பவே இல்லை என்பதுதான் பதில். யாரிடமும் முழு அதிகாரத்தைக் கொடுக்காமல், ஒருவர்மேல் ஒருவரைக் கண் வைக்கச் சொல்லி விட்டார்கள். மெக்ஸிகோவில் 1535ல் முதல் வைஸ்ராய், லிமாவுக்கு 1544ல். வைஸ்ராய் என்றால் ராஜாவின் உருவம், அவருக்கு அரண்மனை, மெய்க்காவல், பெரு வைஸ்ராய்க்கு ஆண்டுக்கு 30,000 டுகாட் சம்பளம். ஆனால் பக்கத்திலேயே 'ஆடியென்சியா' என்ற உயர் நீதிமன்றம் உட்கார்ந்திருக்கும், அதன் நீதிபதிகள் வைஸ்ராயின் முடிவுகள்மேல் முறையீடு கேட்பார்கள், அவரைப் பற்றி நேரடியாக ஸ்பெயினுக்கு எழுதுவார்கள், அவர் இவர்களைப் பற்றி எழுதுவார். பேராயர் இரண்டு பேரைப் பற்றியும் எழுதுவார். கருவூலப் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்றும் வெவ்வேறு அதிகாரிகளிடம், மூன்று பேரும் வந்தால்தான் திறக்கும். ராஜாவுக்கு எழுதிய கடிதத்தை எந்த அதிகாரியும் இடைமறித்துப் பிரிக்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. ஆக, ஒரு சாதாரண எழுத்தர்கூட தன் மேலதிகாரியைப் போட்டுக்கொடுக்கலாம், போட்டும் கொடுத்தார்கள்.

அதிகாரிகள் ஊரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் ஒரு வெறியே இருந்தது. ஆடியென்சியா நீதிபதியோ அவர் பிள்ளைகளோ அந்த எல்லைக்குள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, நிலம் வாங்கக் கூடாது, வியாபாரம் செய்யக் கூடாது. பதவி முடிந்ததும் 'ரெசிடென்சியா' என்ற விசாரணை உண்டு. பறை அறைவித்து ஊர் ஊராகச் சொல்வார்கள்: இன்னார் பதவி முடிந்தது, அவர்மேல் புகார் இருக்கிறவர்கள் வந்து சொல்லலாம், பூர்வகுடிகளும் வரலாம். விசாரணை முடியும்வரை அவர் ஊரை விட்டுப் போக முடியாது. கேட்க அருமையாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் விசாரிக்கிறவர் பெரும்பாலும் அடுத்து அந்த நாற்காலியில் உட்கார வந்தவர், நாளைக்குத் தனக்கும் இதே கதிதான் என்று தெரிந்தவர், எனவே ஒரு அபராதத்தோடு பேசி முடித்துக்கொள்வது அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு மூடி முத்திரையிட்ட உறை. நடுவில் வைஸ்ராய் செத்துப்போனால் என்ன செய்வது? அடுத்தவர் யார் என்று ஸ்பெயினைக் கேட்டால் ஒரு வருடம் போய்விடும். அதனால் முன்கூட்டியே பெயர் எழுதி உறையில் போட்டு அனுப்பிவிடுவார்கள். 1673ல் கொலம்பஸின் வழித்தோன்றலான வெராகுவா பிரபு மெக்ஸிகோ வைஸ்ராயாக வந்து, பதவியேற்ற சில நாட்களிலேயே காலமானார். உறையைப் பிரித்தார்கள், உள்ளே பேராயர் பாயோ என்ரிக்கெஸ் பெயர். மனிதரை அனுப்பும்போதே அவர் மரணத்துக்கும் சேர்த்துக் காகிதம் தயார்.

சரி, இந்த இயந்திரத்தின் நடுவில் 'கீழ்ப்படிகிறேன், நிறைவேற்றவில்லை' எங்கே வருகிறது? 1542ல் நடந்ததைப் பார்த்தால் புரியும். நாடு பிடித்தவர்களுக்குக் கிராமம் கிராமமாகப் பூர்வகுடி மக்களைப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார்கள், அவர்கள் கொடுக்கும் கப்பமும் உழைப்பும் அந்த எஜமானனுக்கு. இதற்கு 'என்கொமியெண்டா' என்று பெயர். இந்தக் கொடுமையைப் பற்றிப் பாதிரியார் பார்த்தலோமே டி லாஸ் காஸாஸ் போன்றவர்கள் அரசவையில் ஓயாமல் முறையிட்டார்கள். அதோடு ராஜாவுக்கு இன்னொரு கவலை, இந்த எஜமானர்கள் பரம்பரைப் பிரபுக்களாகிவிட்டால் தன் பேச்சைக் கேட்க மாட்டார்களே என்று. 1542 நவம்பரில் ஐந்தாம் சார்லஸ் 'புதிய சட்டங்கள்' போட்டார்: பூர்வகுடிகளை அடிமையாக்கக் கூடாது, இருக்கிற எஜமானன் இறந்ததும் அந்தப் பங்கு மகனுக்குப் போகாது, ராஜாவிடம் திரும்பிவிடும்.

இந்த ஒரே சட்டம் இரண்டு நாடுகளுக்குப் போனது. மெக்ஸிகோவுக்குக் கொண்டு போனவர் டெல்லோ டி சாண்டோவல். அங்கே வைஸ்ராய் அன்டோனியோ டி மென்டோஸா, ஒன்பது ஆண்டாக ஊரைப் பழகியவர். சட்டத்தைப் படித்தார்கள், ஊரே கொந்தளித்தது, எஜமானர்கள் முறையீடு கொடுத்தார்கள். வைஸ்ராயும் சாண்டோவலும் யோசித்துவிட்டு, எரிச்சலூட்டும் பிரிவுகளை நிறுத்தி வைத்து, தூது போகிறவர்கள் ஸ்பெயினுக்குப் போய்ப் பேசி வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பெருவுக்குப் போனவர் புது வைஸ்ராய் பிளாஸ்கோ நுனெஸ் வேலா. நேர்மையானவர், முன்கோபி, ராஜா எழுதியதை எழுத்துக்கு எழுத்துச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம். லிமா போய்ச் சேருவதற்குள்ளேயே வழியில் சட்டத்தை அமல்படுத்தத் தொடங்கிவிட்டார். நிறுத்தி வையுங்கள் என்று எத்தனையோ பேர் கெஞ்சினார்கள், கேட்கவில்லை. அரண்மனைக்குள்ளேயே அவரோடு நடந்த தகராறில் கருவூல அதிகாரி ஒருவர் சாக, வைஸ்ராய் கூடவே வந்த ஆடியென்சியா நீதிபதிகளே அவரைக் கைது செய்து கப்பலில் ஏற்றினார்கள். வழியில் தப்பி, படை திரட்டி, எஜமானர்களுக்குத் தலைவராகக் கிளம்பியிருந்த, இன்காக்களை வீழ்த்திய பிசாரோவின் தம்பி கொன்சாலோ பிசாரோவோடு மோதினார். 1546 ஜனவரியில் கீட்டோ பக்கத்தில் இன்யாகீட்டோ போரில் வைஸ்ராயின் தலையை வெட்டினார்கள். ராஜாவின் கட்டளையை மீறிய மென்டோஸா பதவியில் இருந்தார், அதை நிறைவேற்றப் போனவருக்குத் தலை போனது, கூடவே பெருவும் ராஜாவின் கையை விட்டுப் போனது.

திரும்ப வாங்க அனுப்பியது யாரை என்று நினைக்கிறீர்கள்? பெத்ரோ டி லா காஸ்கா என்ற ஒரு பாதிரியார், சட்டம் படித்தவர், படை கிடையாது. அவர் கேட்டது ஒன்றுதான், ராஜா கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்கள். பெயரையும் வாசகத்தையும் நான் அங்கே போய் எழுதிக்கொள்கிறேன் என்றார். சார்லஸும் கொடுத்தார். 1545லேயே வாரிசுப் பிரிவை ராஜா வாபஸ் வாங்கியிருந்தார், அந்தச் சேதியும் மன்னிப்புக் கடிதங்களும் வெற்றுத் தாள்களுமாக லா காஸ்கா பனாமாவில் இறங்கி, கொன்சாலோவின் கப்பல்படைத் தளபதியையே பேசி இழுத்தார். 1548 ஏப்ரலில் குஸ்கோ பக்கம் இரண்டு படைகளும் எதிரெதிரே நின்றபோது, கொன்சாலோவின் ஆட்கள் கூட்டம் கூட்டமாக எதிர்ப்பக்கம் நடந்து போய்ச் சேர்ந்துகொண்டார்கள். போர் என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை, மறுநாள் கொன்சாலோவின் தலை போனது.

இந்த நெகிழ்வை நான் புகழ்ந்துகொண்டே போவதாகப் படலாம், அதனால் இதையும் சொல்ல வேண்டும்: நிறுத்தி வைத்த ஒவ்வொரு ஆணைக்கும் விலை கொடுத்தவர்கள் முறையீட்டு வரிசையில் இல்லாதவர்கள். எஜமானர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதென்றால் கிராமத்தில் கப்பம் தொடர்ந்தது என்று அர்த்தம். காகிதத்தில் பூர்வகுடிகளுக்குப் பாதுகாப்பு எழுதி எழுதி வைத்த அதே அரசாங்கத்தின் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ டி டொலேடோதான் 1570களில் போத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்குக் கட்டாய வேலைமுறையை ஏற்படுத்தினார். 16 மாகாணங்களிலிருந்து ஏழில் ஒரு ஆண், ஆண்டுக்கு ஏறக்குறைய 13,000 பேர், மனைவி மக்களோடு வாரக்கணக்கில் நடந்து அந்த மலைக்குப் போக வேண்டும். இந்த ஆணையை யாரும் தலைமேல் வைத்துவிட்டுக் கீழே போடவில்லை, ஒழுங்காக நிறைவேற்றினார்கள். வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு.

17ஆம் நூற்றாண்டில் ராஜாவுக்கே பணமுடை. ஐரோப்பியப் போர்களில் கஜானா காலி. பதவிகளை விற்க ஆரம்பித்தார்கள்: ஊர்ச் சபை இடங்கள் முன்பே விற்பனையில் இருந்தன, 1633லிருந்து கருவூலப் பதவிகள், 1687லிருந்து ஆடியென்சியா நீதிபதிப் பதவியே விலைக்கு. வாங்கியவர்களில் நிறையப் பேர் அமெரிக்காவிலேயே பிறந்த ஸ்பானிய வம்சத்தவர்கள், கிரியோல்கள். ஊரோடு ஒட்டவே கூடாது என்று எழுதிய அத்தனை சட்டமும் இதில் அடிபட்டுப் போனது. 1680ல் அமெரிக்கச் சட்டங்களையெல்லாம் திரட்டி, ஒன்பது பகுதிகளில் 6,000க்கு மேற்பட்ட சட்டங்களாகத் தொகுத்தார்கள், தொகுத்த வேகத்திலேயே விதிவிலக்குகளை விற்றுக்கொண்டும் இருந்தார்கள். ஊழல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளூர்ப் பணக்காரக் குடும்பங்களுக்கு ஆட்சியில் ஒரு பங்கு கிடைத்ததும் இதனால்தான், அதனால் அவர்களுக்கு மாட்ரிட்மேல் பெரிய கோபம் வரவில்லை. வரி கசக்கிறதா, பேசிக்கொள்ளலாம். சட்டம் உறுத்துகிறதா, நீதிபதி மச்சான் முறைதான். புவனோஸ் ஐரெஸ் துறைமுகத்துக்குச் சட்டப்படி ஐரோப்பியச் சரக்கு பனாமா, லிமா வழியாக ஆண்டிஸ் மலையைத் தாண்டித்தான் வர வேண்டும், யார் அப்படி வரவழைப்பார்கள்? கடத்தல்தான் ஊரின் தொழில், அதிகாரிகளுக்கும் அதில் பங்கு.

இன்னொரு விஷயமும் இதில் நடந்தது. 'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்' என்பார்களே, அதை அங்கே மக்கள் அரசியலாகவே நம்பினார்கள். ராஜா நல்லவர், எட்டாத தூரத்தில் இருக்கிறார், அவர் கொடுத்த நியாயத்தை நடுவில் இருக்கும் அதிகாரி அமுக்கிவிடுகிறான். ராஜா வந்ததே இல்லை என்பது இந்த நம்பிக்கைக்கு எவ்வளவு வசதி பாருங்கள். ஸ்பெயினின் ஆளும் மன்னர் ஒருவர் அமெரிக்க மண்ணில் கால் வைத்தது முதன்முதலில் 1976ல், ஹுவான் கார்லோஸ், சான்டோ டொமிங்கோவில். அதுவரை வந்ததெல்லாம் முத்திரையும் படமும்தான். ராஜ முத்திரை ஒரு நகரத்துக்குள் நுழையும்போது ராஜாவே வந்ததுபோல வரவேற்க வேண்டும் என்று விதி, குதிரையில் ஏற்றி, மேலே விதானம் பிடித்து ஊர்வலம் விடுவார்கள், கிட்டத்தட்ட உற்சவ மூர்த்தி போல.

1615 வாக்கில் பெருவில் ஃபெலிப்பே குவாமான் போமா என்ற முதியவர், இன்காக் காலத்து உயர்குடி வழியில் வந்தவர், மூன்றாம் ஃபிலிப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் என்றால் ஏறக்குறைய 1,200 பக்கம், 398 படங்கள், எல்லாம் கையால் வரைந்தவை. அதிகாரி எப்படி அடிக்கிறான், பாதிரியார் எப்படிப் பெண்களைப் பிடித்து நெய்யச் சொல்கிறார், சுரங்கத்தில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படம் போட்டுச் சொல்கிறார். ஒரு படத்தில் ராஜா உட்கார்ந்து கேள்வி கேட்கிறார், குவாமான் போமா முழந்தாளிட்டுப் பதில் சொல்கிறார். நடக்காத சந்திப்பு. அந்தக் கடிதம் எப்படியோ டென்மார்க் போய்ச் சேர்ந்து, 1908ல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கண்ணில் பட்டது.

கலவரங்களில்கூட இதே பாட்டுத்தான். 1624ல் மெக்ஸிகோ நகரத்தில் வைஸ்ராய் ஹெல்வெஸுக்கும் பேராயருக்கும் சண்டை முற்றி, கூட்டம் அரண்மனையைத் தாக்கியபோது எழுந்த கோஷம் 'ராஜா வாழ்க, கெட்ட அரசாங்கம் ஒழிக'. ராஜாவின் உருவமான வைஸ்ராயை ராஜா பெயரைச் சொல்லியே விரட்டினார்கள், அடுத்த வைஸ்ராயை மாட்ரிட் அனுப்பியது, கலவரக்காரர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போனார்கள். கோபத்தை வைஸ்ராய் வாங்கிக்கொண்டார், விசுவாசம் பத்திரமாக அங்கேயே இருந்தது.

இதை உடைத்தவர்கள் திறமைசாலிகள். 18ஆம் நூற்றாண்டில் போர்போன் வம்சத்து மன்னர்களுக்கு இந்தத் தளர்ச்சியைப் பார்த்தால் ஆத்திரமாக வந்தது, நியாயம்தான், வரி பாதி வழியிலேயே கரைந்தது. மூன்றாம் சார்லஸ் காலத்தில் ஹோசே டி கால்வெஸ் என்ற அதிகாரி 1765ல் மெக்ஸிகோவுக்கு ஆய்வாளராகப் போனார், 1776ல் அமெரிக்க விவகார அமைச்சரானார். புகையிலை அரசாங்க ஏகபோகம், வரி வசூலை அரசே நேரடியாக எடுத்துக்கொண்டது, ஆடியென்சியாவில் கிரியோல்களைக் குறைத்து ஸ்பெயினில் பிறந்தவர்களைப் போட்டார்கள், 'இன்டென்டென்ட்' என்ற புது வகை மாவட்ட அதிகாரிகள் வந்தார்கள். 1767ல் ஏசு சபையினரை ஒரே அடியாக வெளியேற்றினார்கள், அதை எதிர்த்த ஊர்களை கால்வெஸ் தூக்குமரத்தால் அடக்கினார். அப்போது மெக்ஸிகோ வைஸ்ராய் விட்ட அறிக்கையில், குடிமக்கள் வாயை மூடிக்கொண்டு கீழ்ப்படியப் பிறந்தவர்கள், அரசாங்கத்தின் உயர்ந்த விஷயங்களைப் பற்றிப் பேசவோ கருத்துச் சொல்லவோ அல்ல என்றார். முறையிட்டு ஆணையை நிறுத்தி வைக்கும் அந்தப் பழைய நாகரிகம் இதோடு போயிற்று.

பெருவில் விளைவு சீக்கிரம் வந்தது. அங்கே மாவட்ட அதிகாரிகள், கொரெஹிதோர்கள், கடன் வாங்கிப் பதவிக்கு வருவார்கள், போட்ட பணத்தை எடுக்கக் கோவேறு கழுதைகளையும் துணியையும் பூர்வகுடிகளின் தலையில் அநியாய விலைக்குக் கட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியாது. இதன் மேல் புது ஆய்வாளர் அரேச்சே விற்பனை வரியை ஏற்றினார், சுங்கச்சாவடிகளைக் கூட்டினார். 1780 நவம்பர் 4ஆம் தேதி திந்தா பகுதியில் ஹோசே காப்ரியல் கொந்தோர்கான்கி, இரண்டாம் தூபாக் அமாரு என்று தன்னை அழைத்துக்கொண்டவர், கொரெஹிதோர் அன்டோனியோ டி ஆரியாகாவைப் பிடித்தார். 10ஆம் தேதி கூட்டத்துக்கு நடுவே தூக்கிலிட்டார். யார் கட்டளைப்படி? ராஜாவின் கட்டளைப்படி, என்னிடம் ஆணை இருக்கிறது என்றார். அப்படி ஒரு ஆணை கிடையாது. ஆனால் கூடியிருந்தவர்களுக்கு அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை, தூரத்து நல்ல ராஜா ஒருநாள் இப்படி ஒரு கடிதம் அனுப்புவார் என்றுதானே தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தார்கள். 1781 மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் அவரையும் அவர் குடும்பத்தையும் கொன்ற விதத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

ராஜா நெருங்கி வந்ததே ஆபத்து என்றால், அவர் காணாமல் போனது இன்னும் பெரிய ஆபத்து. 1808ல் நெப்போலியன் ஸ்பானிய அரச குடும்பத்தை பயோன் நகரத்துக்கு வரவழைத்து, ஏழாம் ஃபெர்டினாண்டின் கையிலிருந்து முடியைப் பிடுங்கித் தன் அண்ணன் ஜோசப் தலையில் வைத்தார். அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு இப்போது ஒரு சட்டச் சிக்கல்: வைஸ்ராய் ராஜாவின் பிரதிநிதி, ராஜாவே இல்லை, அப்படியானால் இவர் யாருக்குப் பிரதிநிதி? ராஜா இல்லாத இடத்தில் ஆளும் உரிமை மக்களிடம் திரும்பிவிடும் என்ற பழைய வாதத்தை எடுத்தார்கள். 1810 ஏப்ரலில் காரகாஸ், மே மாதத்தில் புவனோஸ் ஐரெஸ், ஜூலையில் பொகோடா, செப்டம்பரில் சாண்டியாகோ, எல்லா ஊரிலும் அதிகாரிகளை இறக்கிவிட்டு ஆட்சிக் குழுக்கள் உருவாயின. எல்லாமே ஃபெர்டினாண்டின் பெயரால். பழைய கஸ்டீல் வாசகத்தின் கடைசிப் பயன்பாடு என்று இதைச் சொல்லலாம். 1814ல் ஃபெர்டினாண்ட் திரும்பி வந்து, நன்றி சொல்வதற்குப் பதில் படை அனுப்பினார்.

போர்ச்சுகல் அரச குடும்பம் மட்டும் அதே நெப்போலியனிடமிருந்து தப்பிக் கப்பலேறி 1808ல் பிரேசிலுக்கே வந்துவிட்டது, ரியோ டி ஜெனெய்ரோ தலைநகரமானது, பிரேசில் உடையாமல் 1889 வரை முடியாட்சியாகவே இருந்தது.

மெக்ஸிகோக்காரர்களும் அதைப் பார்த்திருப்பார்கள் போல. பத்தாண்டுப் போருக்குப் பிறகு 1821 பிப்ரவரியில் அகஸ்தீன் டி இதுர்பிதே இகுவாலா நகரில் வெளியிட்ட சுதந்திரத் திட்டத்தில் ஒரு பிரிவு வருகிறது: மெக்ஸிகோ தனி நாடு, முடியாட்சி, அந்த முடி ஏழாம் ஃபெர்டினாண்டுக்கு, அவர் நேரில் வந்து உட்கார வேண்டும். அவர் வராவிட்டால் அவர் குடும்பத்தில் யாராவது. 300 ஆண்டாக முத்திரைக்கு விதானம் பிடித்தவர்கள், ஆளையே வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். 1822 பிப்ரவரியில் மாட்ரிட் நாடாளுமன்றம் அந்தத் திட்டத்தை ஒட்டிப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று தள்ளியது, யாரும் வரவில்லை. மே மாதத்தில் இதுர்பிதேயே சக்கரவர்த்தி ஆனார், பத்தே மாதம் தாக்குப்பிடித்தார்.